வீட்டுக் கஞ்சாச் செடியை எப்போது வெட்டலாம்? ஒன்ராறியோ பின்வளவுக்கான முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் நடுப்பகுதி தாண்டிவிட்டால் ஒன்ராறியோவில் பின்வளவில் கஞ்சாச் செடி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இன்றைக்கே வெட்டிவிடலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாமா? மே மாதக் கடைசியிலிருந்து தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து வளர்த்த செடியின் தரம் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான் தீர்மானமாகிறது. அவசரப்பட்டால் பூ கனமில்லாமல், பச்சைப் புல் வாசனையோடு நின்றுவிடும். அளவுக்கு மீறிப் பொறுத்தால் அக்டோபர் மழை பூவை உள்ளிருந்தே அழுக வைத்துவிடும்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன என்பது என் எண்ணம். பூ முற்றிவிட்டதா என்பது ஒன்று. செடி இன்னும் எத்தனை நாள் பழுதில்லாமல் நிற்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி பதில் சொல்லும். இரண்டாவதற்கு வானமும் பூஞ்சணமும்தான் பதில் சொல்லும். கலிபோர்னியா போன்ற உலர்ந்த இடங்களில் இருப்பவர்கள் முதல் கேள்வியைப் பற்றி மட்டும் பேசினால் போதும். ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியவர்கள் தங்கள் சொந்தப் பாவனைக்கு வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு 4 செடிகள் என்பதுதான் கணக்கு. வீட்டில் 5 பெரியவர்கள் இருந்தாலும் 4தான். விதையோ கன்றோ அனுமதி பெற்ற கடையிலிருந்து வந்திருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும், கொண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் கட்டட விதிகளையும் முதலில் படித்துவிடுங்கள். இரண்டிலும் தடை இருக்கலாம். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு பெரியவரும் 3 செடி வளர்க்க அனுமதி இருக்கிறது. அங்குள்ளவர்களுக்கும் கீழே சொல்லும் அடையாளங்கள் அப்படியே பொருந்தும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது செய்து பார்க்கும் வழிகாட்டி அல்ல. அங்கே வீட்டில் ஒரு செடி வளர்ப்பதே குற்றம், தண்டனையும் கடுமையானது. கனடாவில் சட்டப்படி விளைந்ததாக இருந்தாலும் ஒரு கிராமைக்கூட எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் கஞ்சாவை அனுமதித்த மாநிலத்துக்குப் போனாலும் இதே விதிதான்.

படி 1: பூக்கத் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள்

விதை பாக்கெட்டில் ‘8 வாரம்’, ‘9 வாரம்’ என்று போட்டிருப்பார்கள். பலரும் அதை நட்ட நாளிலிருந்து எண்ணுவதாக நினைத்துக் குழம்புகிறார்கள். அது பூக்கும் காலம் மட்டும். அதிலும் அறைக்குள் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று ஒரே நாளில் மாற்றிவிட்டு எண்ணிய கணக்கு. வெளியில் பகல் மெதுவாகக் குறைவதால் செடியும் மெதுவாகத்தான் மாறும்.

ரொறன்ரோவில் ஆகஸ்ட் நடுவில் பகல் 14 மணி நேரத்துக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. பெரும்பாலான ரகங்கள் ஆகஸ்ட் முதல் பாதியில் பூக்க ஆரம்பிப்பது இதனால்தான். கிளை நுனிகளில் வெள்ளை முடிகள் கொத்துக் கொத்தாக வரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கணுவில் தனியாக ஒன்றிரண்டு முடி தெரிவது செடி பெண் என்று காட்டுவது மட்டுமே. அதை எண்ண வேண்டாம். கொத்து வந்த நாளிலிருந்து 8 வார ரகத்துக்கு 8 முதல் 10 வாரம் வைத்துக்கொண்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை என்று ஒரு சாளரம் கிடைக்கும். இந்திக்கா வழிவந்த ரகங்கள் 7 முதல் 9 வாரத்தில் முடிந்துவிடும். நெடுநெடுவென்று வளரும் சட்டிவா ரகங்கள் 10 வாரத்தைத் தாண்டி, சில 14 வரை இழுக்கும். அந்த நீண்ட ரகங்களை இந்த ஊரில் வெளியில் வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும்.

ஆட்டோஃபிளவர் ரகங்கள் வேறு வழி. அவை பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. முளைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். பெரும்பாலும் 8 முதல் 11 வாரத்துக்குள் தயாராகிவிடும். ஜூன் தொடக்கத்தில் போட்டால் ஆகஸ்ட் வெயிலிலேயே வெட்டி முடிக்கலாம். மழைக்கால அழுகலோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

இன்னொரு விஷயம். தெருவிளக்கோ பக்கத்து வீட்டுப் பாதுகாப்பு விளக்கோ இரவு முழுக்கச் செடிமேல் விழுந்தால் பூப்பது தள்ளிப்போகும். ஒரே ரகம், ஒரே நாளில் நட்டது, வேலியோரம் இருந்த செடி மட்டும் பின்தங்கி நிற்கிறது என்றால் இரவில் ஒருமுறை வெளியே போய் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். அந்தச் செடிக்கு உங்கள் வாரக் கணக்கு செல்லாது.

படி 2: வெறும் கண்ணால் பார்க்க வேண்டியவை

நாட்கணக்கு சொல்வது எப்போது உற்றுப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதை மட்டும்தான். கணக்குப்படி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே தினமும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

முதலில் முடிகள். பூவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை முடிகள் நேராக, ஈரமாக, பளிச்சென்று இருந்தால் செடி இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது, பேச்சே இல்லை. அவை செம்மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறி, சுருண்டு பூவோடு ஒட்டிக்கொள்ளும். பாதிக்கு மேல் நிறம் மாறினால் உருப்பெருக்கியை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. 70 முதல் 90 விழுக்காடு மாறியிருந்தால் அறுவடை பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது முடிகளின் அடியில் இருக்கும் சிறிய பச்சை உறை. காலிக்ஸ் என்று சொல்வார்கள். விதை உண்டாகும் இடத்தை மூடியிருப்பது அதுதான். கடைசி இரண்டு வாரங்களில் அது விதை வைத்ததுபோல உப்பும். பூவின் இடைவெளிகள் அடைபட்டு, கொத்து இறுகி, கிளை பாரத்தில் சாயும். விரலால் மெல்ல அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்காமல் எதிர்த்து நிற்கும். முடி பழுத்துவிட்டது, உறை உப்பவில்லை என்றால் நம்ப வேண்டாம். என் அனுபவத்தில் முடியைவிட உறை சொல்வதுதான் சரியாக இருக்கிறது.

பெரிய இலைகள் மஞ்சளாகும். இலையில் சேர்த்து வைத்த தழைச்சத்தைச் செடி பூவுக்கு இழுத்துக்கொள்வதால் நடப்பது அது. கீழிருந்து மேலாக, மெதுவாக மஞ்சளானால் முற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்டிலேயே மளமளவென்று மஞ்சளானால் அது உரக் குறைவு அல்லது வேர்ப் பிரச்சினை.

வாசனையும் மாறும். நடுவில் பச்சையாக, கூர்மையாக இருந்தது கடைசியில் கனத்து, இனிப்போ எலுமிச்சையோ பெட்ரோலோ என்று அந்தந்த ரகத்துக்குரிய மணமாகத் தெளியும். வேலி தாண்டிப் போகும் அளவுக்கு வீசுவதும் இந்த வாரங்களில்தான். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது மரியாதை.

படி 3: பிசின் மணிகளைப் பார்ப்பது

உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. பூவின்மேல் சர்க்கரை தூவியதுபோலத் தெரிவது ட்ரைக்கோம் எனப்படும் சுரப்பிகள்; பிசின் மணி என்று நான் சொல்வது இவற்றைத்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய காம்பும் அதன் உச்சியில் உருண்டையான ஒரு தலையும் இருக்கும். செடியின் டிஎச்சிஏ (சூடாக்கினால் போதை தரும் டிஎச்சியாக மாறுவது), சிபிடிஏ (போதை தராத சிபிடியாக மாறுவது), மணம் தரும் டெர்பீன்கள் எல்லாம் உருவாகி நிறைவது அந்தத் தலைக்குள்தான். தலை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். வெறும் கண்ணால் அதன் நிறத்தைச் சொல்ல முடியாது.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் லூப் 10 மடங்குதான் காட்டும், அது போதாது. 60 மடங்கு காட்டும் சிறிய கைக்கண்ணாடி வாங்குங்கள், விலை அதிகமில்லை. கணினியில் செருகும் யுஎஸ்பி நுண்ணோக்கி இருந்தால் இன்னும் வசதி. ஃபோனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் என்றால் காணொளியாக எடுத்து, தெளிவாக இருக்கும் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். காற்றில் ஆடும் கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பது வீண் வேலை. கத்தரிக்கோலால் ஒரு சின்ன உறையைக் கிள்ளி எடுத்து, கறுப்புத் தட்டிலோ கருந்தாளிலோ வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அறைக்குள் வளர்ப்பவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் எல்லா மணியும் தேன் நிறமாகத்தான் தெரியும்.

எந்தப் பகுதியை எடுக்கிறோம் என்பது முக்கியம். பூவுக்குள்ளிருந்து நுனி நீட்டும் சின்ன இலைகளிலும் பிசின் மணிகள் நிறைய இருக்கும், பார்ப்பதற்கும் சுலபம். ஆனால் அவை பூவைவிட முன்பே பழுத்துவிடும். இலையைப் பார்த்து வெட்டியவர்கள் பூவை ஒரு வாரம் முன்னதாக வெட்டியவர்களாவார்கள். உப்பிய உறையின் மேலிருக்கும் மணிகளை மட்டும் பாருங்கள். உச்சிப் பூவில் ஒரு இடம், நடுக்கிளையில் இரண்டு இடம், அடியில் ஒரு இடம் என்று எடுங்கள். வெயில் பட்ட உச்சி முதலில் முற்றும். அடிப் பூக்கள் ஒரு வாரம் பத்து நாள் பிந்தும்.

இனி நிறம். மூன்று நிலை இருக்கிறது.

கண்ணாடி போலத் தெளிவாக, அந்தப் பக்கம் ஊடுருவித் தெரிந்தால் தலை இன்னும் நிறையவில்லை. இந்த நிலையில் வெட்டுவதில் எந்த லாபமும் இல்லை.

அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி, வெண்மையாக, ஊடுருவாமல் நின்றால் தலை நிறைந்துவிட்டது. டிஎச்சிஏ உச்சத்தில் இருக்கும் காலம் இது. காம்பும் நிமிர்ந்து, தலை முழு உருண்டையாக இருக்கும்.

தேன் நிறமாக மாறினால் மணி முதுமை அடைகிறது. டிஎச்சி காலப்போக்கில் காற்றாலும் ஒளியாலும் சிபிஎன் என்ற பொருளாக மாறும். தேன் நிற மணிகள் கூடினால் உடலைத் தளர்த்தித் தூக்கம் தரும் என்று வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. சிபிஎன் தூக்கம் தருவதற்கான ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. எனவே அதை நம்பி வாரக்கணக்கில் காத்திருப்பதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். தேன் நிறம் பரவும்போது மணமும் கூடவே குறைந்துகொண்டு போகும்.

நடைமுறையில் என்ன விகிதம்? நூறு மணியையும் எண்ண வேண்டியதில்லை. கண்ணாடியில் ஒரு பார்வைக்குள் வரும் மணிகளில் ஏறக்குறைய எல்லாமே கலங்கி, தெளிவானவை தேடினால்தான் கிடைக்கும், பத்தில் ஒன்று தேன் நிறம் காட்டத் தொடங்கியிருக்கிறது என்றால் வெட்டுங்கள். தேன் நிறம் பத்தில் மூன்றைத் தாண்ட விட வேண்டாம். சிபிடி ரகங்களுக்கும் இதே அளவுகோல்தான். சில ரகங்களில் தேன் நிறம் மிகத் தாமதமாகவே வரும். எல்லாம் கலங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகி, உறைகளும் உப்பியிருந்தால் அந்த நிறத்துக்காகப் பிடிவாதமாக நிற்க வேண்டாம். தலைகளே உடைந்து, வெறும் காம்புகள் தெரிய ஆரம்பித்தால் நாள் கடந்துவிட்டது.

படி 4: ஏமாற்றும் அடையாளங்கள்

முடி பழுப்பானது முற்றியதால் மட்டும் இல்லை. இரண்டு நாள் கனமழை, பலத்த காற்று, அடிக்கடி விரல் படுவது, மகரந்தம் விழுவது எல்லாமே முடியைக் கருக்கும். எங்கோ ஓர் ஆண் செடியிலிருந்து மகரந்தம் வந்திருந்தால் முடிகள் திடீரென்று பழுத்து, உறைகளும் உப்பும். சந்தேகம் இருந்தால் ஓர் உறையை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே விதை இருந்தால் அந்த உப்பலுக்குக் காரணம் விதைதான். பிசின் மணியை மட்டும் நம்புங்கள்.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். பூ முற்றிக்கொண்டிருக்கும்போது உச்சியில் புதிதாக வெள்ளை முடிகள் கோபுரம் கட்டினாற்போல் முளைக்கும். அறைக்குள் விளக்குக்கு மிக அருகில் இருந்தால், அல்லது வெப்பம் கூடினால் இப்படி வரும். சில ரகங்களுக்கு அதுவே இயல்பு. அந்தப் புது முடிகள் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் முடிவே வராது. கீழே இருக்கும் பழைய உறைகளில் மணியைப் பாருங்கள்.

குளிர் இரவுகளில் இலையும் பூவும் ஊதா நிறமாகும். அழகாகத்தான் இருக்கும். அதற்கும் முற்றுவதற்கும் தொடர்பில்லை.

கடைசி வாரங்களில் பூவின் நடுவில் வாழைப்பழ வடிவில் சிறிய மஞ்சள் மகரந்தப்பைகள் தென்பட்டால் செடி தன்னைத்தானே சூலாக்கப் பார்க்கிறது. ஒன்றிரண்டு என்றால் இடுக்கியால் பிடுங்கிவிடலாம். நிறைய வந்தால், மணிகளும் பெரும்பாலும் கலங்கியிருந்தால், அன்றே வெட்டுவது நல்லது.

படி 5: வானிலையும் அழுகலும்

இந்த ஊரில் செடியைக் கொல்வது குளிரைவிட ஈரம்தான். இலேசான உறைபனி ஓர் இரவு விழுந்தால் பெரும்பாலான செடிகள் தாங்கும். இலை நுனி கருகும், பூ தப்பிக்கும். பல மணி நேரம் சுழியத்துக்கு நன்றாகக் கீழே போனால்தான் செல்கள் உறைந்து உடையும். ரொறன்ரோ நகருக்குள் ஏரியின் சூட்டால் முதல் உறைபனி கொஞ்சம் பிந்தி வரும். வடக்கே போகப் போகச் செப்டம்பர் கடைசியிலேயே எதிர்பார்க்க வேண்டும்.

சாம்பல் பூஞ்சணம், அதாவது பொட்ரைடிஸ், அப்படி நாள் பார்த்து வருவதில்லை. குளிர்ந்த இரவு, காலைப் பனி, மூன்று நாள் தூறல், காற்றோட்டம் இல்லாத இறுகிய பூ, இவை சேர்ந்தால் போதும். அது பூவின் உள்ளே நடுத்தண்டில் தொடங்கி வெளியே வரும். வெளியில் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். மிகப் பெரிய, மிக அழகான உச்சிப் பூதான் முதலில் அகப்படும், ஏனென்றால் அதற்குள்தான் ஈரம் அதிகம் தங்குகிறது.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். பச்சையான பூவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் வாடி, பழுப்பாகத் தனித்துத் தெரியும். அதைப் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல இலை எதிர்க்கும். அழுகிய இடத்து இலை எந்தப் பிடியும் இல்லாமல் கையோடு வந்துவிடும். அந்த இடத்தை இரு விரலால் விரித்துப் பார்த்தால் தண்டு பழுப்பாகக் குழைந்து, சாம்பல் நிறத்தில் மென்மயிர் போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். இலேசாக ஊதினால் தூசி பறக்கும். அந்தத் தூசி முழுக்க வித்துகள். ஊதிப் பார்க்காதீர்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

அழுகிய பகுதிக்குக் கீழே சில சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி, உடனே பைக்குள் போட்டுக் கட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். புழுக்களையும் தேடுங்கள். பூவுக்குள் புகுந்த புழு விட்டுவைக்கும் கரிய எச்சமும் அது குடைந்த துளையும்தான் அழுகலுக்கு வாசல். பூஞ்சணம் பட்ட பூவை எந்த வடிவத்திலும் பயன்படுத்தக் கூடாது. கழுவினாலும், சமையலில் சேர்த்தாலும், எண்ணெயில் ஊறவைத்தாலும் அது பாதுகாப்பானதாக மாறாது. கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் போன்றோருக்கு நுரையீரலில் கடும் தொற்றோ ஒவ்வாமையோ வரக்கூடும். வலிக்காக வளர்க்கிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய என்பதால் இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

முன்காப்பாக, செடிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை கட்டுங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மூடிக் கட்டினால் வியர்த்து நிலைமை மோசமாகும். காலையில் கிளைகளைத் தட்டிப் பனியை உதிர்த்துவிடுங்கள். உள்பக்கத்தில் அடர்ந்த பெரிய இலைகளில் சிலவற்றைக் கிள்ளிக் காற்றுக்கு வழிவிடுங்கள். தொட்டியில் இருக்கும் செடியென்றால் மழை நாளில் கராஜுக்குள் இழுத்து வைப்பதுதான் மிகச் சுலபமான மருந்து.

படி 6: முடிவெடுப்பது

இப்போது இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணிகள் எல்லாம் கலங்கிவிட்டன, வானிலை அறிக்கையில் வெயில் இருக்கிறது என்றால் அவசரமே இல்லை. தினமும் பார்த்து, உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். மணிகள் கலங்கிவிட்டன, மூன்று நாள் தொடர்மழை வருகிறது என்றால் மழைக்கு முன்பே வெட்டுங்கள். நனைந்து ஊறிய பூவை உலர்த்துவது பெரும்பாடு.

சிக்கலான நிலை, மணிகளில் பாதி தெளிவாக, பாதி கலங்கலாக இருக்கும்போது மழை வருவது. அழுகல் எங்கும் இல்லை, கூரை போட முடியும் என்றால் பொறுக்கலாம். ஓர் இடத்தில் அழுகல் கண்டால் அதை அகற்றிவிட்டு ஒவ்வொரு நாளும் தேடுங்கள். அடுத்த நாளும் வேறு இடங்களில் கண்டால் நிற்காதீர்கள், நல்ல பூவையெல்லாம் வெட்டிவிடுங்கள். சற்று இளம்பூவாக இருப்பது ஒன்றும் பெரிய இழப்பில்லை. பாதிச் செடி குப்பைக்குப் போவதுதான் இழப்பு.

ஒரே நாளில் முழுச் செடியையும் வெட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முற்றிய உச்சிகளை முதலில் எடுத்துவிட்டால் அடிக்கிளைகளுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். ஒரு வாரம் கழித்து அவற்றை எடுக்கலாம். அழுகல் அபாயமும் குறையும். வெளியில் வளர்ப்பவர்களுக்கு இந்த முறையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

படி 7: வெட்டும் நாள்

இரண்டு நாளாவது மழை இல்லாத ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்பு வெட்டினால் மணம் நன்றாக நிற்கும். வெட்டுவதற்கு முன் 48 மணி நேரம் இருட்டில் வைத்தால் பிசின் கூடும் என்று சொல்வார்கள்; அதற்கு உறுதியான சான்று இல்லை, மழைக்காலத்தில் செடியை இருட்டில் பூட்டுவது பூஞ்சணத்துக்குத்தான் வசதி. கடைசி இரண்டு வாரம் உரம் போடாமல் விடுங்கள், செலவாவது மிச்சம்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிசின் லேசில் போகாது. கிளைகளை முழங்கை நீளத்துக்கு வெட்டி, பெரிய இலைகளை அகற்றி, ஒவ்வொரு கொத்தையும் விரித்து அழுகல் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். பிறகு இருட்டான அறையில் ஒன்றோடொன்று படாமல் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அறையில் வெப்பம் 15 முதல் 20 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காடு இருக்கட்டும். ஒரு சின்ன மின்விசிறி அறைக்குள் ஓடட்டும், காற்று நேராகப் பூமேல் அடிக்கக் கூடாது. வீட்டு பேஸ்மென்ட் என்றால் ஈரப்பதமானி ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஹீட்டர் போடத் தொடங்கியதும் காற்று சட்டென்று வறண்டுவிடும், மூன்று நாளில் காய்ந்த பூவுக்கு மணமே இருக்காது. 7 முதல் 14 நாளில் சின்னக் காம்பு வளையாமல் படக்கென்று உடையும். அதுதான் இறக்கும் நேரம். பச்சை எடையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் மிஞ்சும், பயப்பட வேண்டாம்.

பூவைக் கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு நிரப்பி மூடுங்கள். முதல் வாரம் தினமும் சில நிமிடம் திறந்து வையுங்கள். திறக்கும்போது அமோனியா போல மூக்கில் அடித்தால் உள்ளே ஈரம் அதிகம். உடனே வெளியே எடுத்துத் தட்டில் பரப்பி இன்னும் ஒரு நாள் காயவிட வேண்டும். போத்தலுக்குள் 58 முதல் 62 விழுக்காடு ஈரப்பதம் நின்றுவிட்டால் சரி. மூன்று நான்கு வாரத்தில் புல் வாசனை போய், ரகத்தின் மணம் மேலே வரும்.

ஒவ்வொரு போத்தலிலும் ரகத்தின் பெயர், வெட்டிய நாள், வெட்டும்போது மணிகள் இருந்த நிலை மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு அதே ரகத்தை வளர்க்கும்போது எந்தப் பாக்கெட்டும் சொல்லாத கணக்கு உங்கள் கையில் இருக்கும். கடையில் வாங்கும் பொருளுக்கு டிஎச்சி அளவு அட்டையில் இருக்கும், உங்கள் போத்தலுக்கு இல்லை. முதல் தடவை மிகக் கொஞ்சமாக எடுத்து, காத்திருந்து பாருங்கள், அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள். போத்தல்களைக் குழந்தைகளும் நாயும் எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள். பட்டரிலோ பிஸ்கட்டிலோ சேர்த்திருந்தால் மற்ற உணவோடு ஒரே குளிர்பெட்டியில் அடையாளமில்லாமல் விடவே கூடாது. வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அது வெறும் பிஸ்கட்தான்.